திரையில் இருப்பதைப் படிக்க நர்ஸ் எதற்கு?

கேள்வி:

வணக்கம் மேடம். வார்டு, எமர்ஜென்சி என்று பதினொரு வருடம் ஓடியாடி வேலை பார்த்த நர்ஸ் நான். முதுகு வலி வந்த பிறகு தொலைபேசி மருத்துவ ஆலோசனை மையத்தில் சேர்ந்தேன். இங்கே ஒவ்வொரு தொந்தரவுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு புரோட்டோகால் இருக்கிறது. அது கேட்கிற கேள்வியைக் கேட்டு, பதிலை டிக் செய்ய வேண்டும். கடைசியில் அது ஆம்புலன்ஸ் என்றால் ஆம்புலன்ஸ், நாளை டாக்டரைப் பாருங்கள் என்றால் நாளை.

போன மாத ஆடிட்டில் நான் பேசிய இரண்டு போன் கால்களுக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். முதலாவது, ஒரு பெண் தன் அப்பாவுக்காகக் கூப்பிட்டார். 62 வயது, சர்க்கரை நோயாளி, காலையிலிருந்து தோள்பட்டை வலி, ஒரே அசதி, லேசாக வியர்க்கிறது. தோள்பட்டை வலி புரோட்டோகால் '24 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்கவும்' என்றது. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆம்புலன்ஸ் அனுப்பினேன். அவருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாது. இரண்டாவது, 22 வயதுப் பெண். நெஞ்சு அடைக்கிறது, படபடப்பாக இருக்கிறது, விரலெல்லாம் மரத்துப்போகிறது என்றாள். ஏற்கெனவே மூன்று முறை இதே மாதிரி கூப்பிட்டவள், மூன்று முறையும் பதற்றம்தான் என்று முடிந்தது. குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. புரோட்டோகால் உடனே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னது. நான் மெதுவாக மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்து, பேசி அமைதிப்படுத்தி, மறுநாள் அவளுடைய டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் நன்றாகத்தான் இருந்தாள்.

இரண்டுக்கும் 'புரோட்டோகாலைப் பின்பற்றவில்லை' என்று ஒரே மாதிரி சிவப்புக் குறி. ஆடிட் செய்தவர் நர்ஸ்கூட இல்லை. திரையில் இருப்பதைப் படிக்க நர்ஸ் எதற்கு, யாரை உட்காரவைத்தாலும் படிப்பாரே? அடுத்த வாரம் இதைப் பற்றி மீட்டிங். என்ன பேசுவது? பேசாமல் வார்டுக்கே திரும்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். முதல் காலில் நீங்கள் எடுத்த முடிவு சரி, எடுத்த வழியும் எழுதிய குறிப்பும்தான் சரியில்லை. இரண்டாவது காலில் மதிப்பெண் குறைத்தது நியாயம். அந்தப் பெண் மறுநாள் நன்றாக இருந்தாள் என்பதால் உங்கள் முடிவு சரியாகிவிடாது. கோபம் வரும், தெரியும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

உங்கள் பதினொரு வருட அனுபவத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அனுபவம் எதனால் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். கட்டிலை நெருங்கும்போதே ஆளின் நிறம் தெரியும். மூச்சு வாங்கும்போது கழுத்துத் தசை இழுக்கிறதா என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, கண்ணே சொல்லிவிடும். கையைத் தொட்டால் சில்லென்று பிசுபிசுக்கிறதா என்று தெரியும். சர்க்கரை ஏறிப்போய் வருகிறவரின் மூச்சு வாசனை, பக்கத்தில் நிற்கிற உறவினரின் முகம், எல்லாம் சேர்ந்துதான் 'மனசுக்கு என்னவோ சரியாகப் படவில்லை' என்ற அந்த உணர்வு வருகிறது. போனில் அதில் பெரும்பகுதி இல்லை. காது ஒன்றுதான் மிச்சம், அதுவும் பல நேரம் நோயாளியின் குரல்கூட இல்லை, பக்கத்தில் இருக்கிறவர் தனக்குப் புரிந்த மாதிரி சொல்கிற கதை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். வார்டில் நீங்கள் ஒன்று நினைத்தால், மாலைக்குள் அது சரியா தப்பா என்று தெரிந்துவிடும். ரத்த ரிப்போர்ட் வரும், டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், இல்லை நோயாளியே சொல்லிவிடுவார். அப்படித் திருத்தித் திருத்தித்தான் அனுபவம் கூர்மையாகிறது. தொலைபேசியில் கால் முடிந்ததோடு சரி. அந்த 62 வயதுக்காரருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. இப்படிப் பதில் வராத வேலையை வருடக்கணக்கில் செய்தால் நம்பிக்கை ஏறிக்கொண்டே போகும், திறமை அதே அளவுக்கு ஏறுகிறதா என்று பார்க்க வழியே இருக்காது. ஆகவே இரண்டாவது காலில் 'குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது' என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய வரி.

அந்தக் காலையே எடுத்துக்கொள்வோம். 22 வயது, நெஞ்சு அடைப்பு, படபடப்பு, விரல் மரப்பு. பதற்றத்தில் வேகமாக மூச்சுவிட்டால் விரலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரல் மரப்பு உங்களுக்குச் சொல்வது அவள் வேகமாக மூச்சுவிடுகிறாள் என்பதை மட்டும்தான். ஏன் விடுகிறாள் என்று அது சொல்லாது. நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி போய் அடைத்தாலும் திடீர் மூச்சுத் திணறல், படபடப்பு, 'செத்துவிடுவேனோ' என்ற பயம் எல்லாம் வரும். ஆஸ்துமாவில் வரும். இதுவரை யாரும் கண்டுபிடிக்காத சர்க்கரை நோய் முற்றிப்போன இளைஞர்களும் வேகமாகத்தான் மூச்சுவிடுவார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாளா, சமீபத்தில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ நடந்ததா, ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ இருக்கிறதா, மூச்சை இழுக்கும்போது குத்துகிறதா, சில நாட்களாகத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்ததா? இவற்றில் எதையும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கேட்டிருந்தாலும், எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்திருந்தாலும், போனில் இதை உறுதிசெய்ய முடியாது. நாடி பார்க்க வேண்டும், ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும், நெஞ்சில் ஸ்டெத் வைக்க வேண்டும், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பதற்றம் என்ற முடிவு, மற்றவை இல்லை என்று பார்த்த பிறகு வர வேண்டிய முடிவு. பார்க்க வசதியே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதை முதலிலேயே எடுக்கக் கூடாது.

அதைவிட, 'ஏற்கெனவே மூன்று முறை கூப்பிட்டவள்' என்பதை நீங்கள் நிம்மதிக்கான காரணமாக எடுத்துக்கொண்டீர்கள். நான் அதை நேர் எதிராகப் பார்க்கச் சொல்வேன். ஒரே தொந்தரவுக்கு ஒருவர் மறுபடி மறுபடி கூப்பிடுகிறார் என்றால் ஒன்று நாம் முன்பு சொன்னது உதவவில்லை, இல்லை நோய் மாறிக்கொண்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் லண்டனில் ஒரு பெண், குடும்ப டாக்டர்களின் வழக்கமான நேரத்துக்கு வெளியே இயங்கும் சேவையில் அந்த நீண்ட விடுமுறை முழுக்க எட்டு மருத்துவர்களின் ஆலோசனை கேட்டார். ரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோனார். அவரிடம் பேசியவர்கள் மருத்துவர்கள், நம்மைவிட அதிகம் படித்தவர்கள். ஆனால் முந்தைய ஆலோசனைகளில் என்ன எழுதியிருந்தது என்று அடுத்தவருக்குத் தெரியாததால் ஒவ்வொருவரும் அதைப் புதிய கேஸாகவே பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் பல மையங்களில் 'மூன்றாவது முறை கூப்பிட்டால் நேரில் பார்த்தே ஆக வேண்டும்' என்கிற மாதிரி விதிகள் பேச்சுக்கு வந்தன. உங்கள் மையத்தில் அப்படி ஒரு விதி இல்லையென்றால் மீட்டிங்கில் முதலில் அதைக் கேளுங்கள்.

அதற்காக அந்தப் பெண்ணைக் கூப்பிடும்போதெல்லாம் எமர்ஜென்சிக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டாம். அதுவும் அவளுக்குக் கெடுதல்தான். அடிக்கடி கூப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு திட்டம் எழுதிவைக்கலாம். அவளுடைய டாக்டர், உங்கள் மையத்தின் மருத்துவ அதிகாரி, முடிந்தால் அவளும் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டியது அது: எந்த அறிகுறி வழக்கமானது, எது வந்தால் உடனே போக வேண்டும், யார் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பது. அது அவளுடைய பதிவில் ஏறிவிட்டால் அடுத்த முறை இரவு இரண்டு மணிக்கு வேறு யார் கால் எடுத்தாலும் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்த அதே காரியத்தை நாலு பேர் யோசித்து, எழுதி, கையெழுத்துப் போட்டுச் செய்வது. தனி ஆளாக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு செய்ததுதான் பிரச்சினை.

சரி, முதல் காலுக்கு வருவோம். இங்கே உங்கள் பக்கம் நான் முழுசாக நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. சர்க்கரை நோய் நரம்பைப் பாதிப்பதால் மாரடைப்பில் நெஞ்சு வலியே இல்லாமல் போகலாம், வியர்வையும் அசதியும் தோள் வலியும் மட்டும் வரலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. புரோட்டோகாலுக்குத் தெரியவில்லையா என்றால், தெரியும். நீங்கள் தப்பான பக்கத்தைத் திறந்துவிட்டீர்கள். மகள் 'தோள்பட்டை வலி' என்றார், நீங்கள் தோள்பட்டை வலியைத் திறந்தீர்கள். அது தசை, மூட்டு, அடிபட்டது, சுளுக்கு என்று யோசிக்கிற பக்கம். ஒழுங்காக எழுதப்பட்ட எந்த நெஞ்சு வலி புரோட்டோகாலிலும் தோள், தாடை, கை, மேல் முதுகு எல்லாம் வரும், வியர்வை வரும், சர்க்கரை நோய் வரும். ஒருவருக்கு மூன்று தொந்தரவு இருந்தால், அவர் முதலில் சொன்னதை வைத்துப் பக்கத்தைத் திறக்கக் கூடாது, மூன்றில் எது மோசமான இடத்துக்குக் கொண்டுபோகுமோ அதை வைத்துத் திறக்க வேண்டும். இதைப் பயிற்சியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வேலையில் நர்ஸின் சுதந்திரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. எந்தக் கேள்வித்தாளைத் திறப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவுசெய்வதில்லை, நீங்கள் முடிவுசெய்கிறீர்கள். அதற்கு நோய் தெரிந்திருக்க வேண்டும். 'யாரை உட்காரவைத்தாலும் படிப்பாரே' என்று கேட்டீர்களே, படிப்பார், தோள்பட்டை வலியை அட்சரம் பிசகாமல் படித்து, நாளைக்கு டாக்டரைப் பாருங்கள் என்று வைத்துவிடுவார். ஆடிட்டில் அவருக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும்.

நர்ஸே வேண்டாம் என்று ஆகிவிடுமோ என்ற உங்கள் பயம் வெறும் பயமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1998இல் என்.எச்.எஸ். டைரக்ட் என்ற தொலைபேசி சேவை ஆரம்பித்தபோது அது நர்ஸ்களை வைத்துத்தான் நடந்தது. மென்பொருள் அவர்களுக்குத் துணை. அதே வருடம் வெளிவந்த ஆய்வு ஒன்று தென் இங்கிலாந்தில் ஒரு வருட காலத்தில் வந்த பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கால்களைப் பார்த்தது. நர்ஸ்கள் மென்பொருள் உதவியோடு எடுத்த கால்களில் கிட்டத்தட்ட பாதி, துல்லியமாகச் சொன்னால் 49.8 சதவீதம், டாக்டரிடம் போகாமலேயே முடிந்தன, அதனால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. பிறகு அந்தச் சேவையின் இடத்தில் 111 என்ற எண் வந்தது. அதில் முதலில் போனை எடுப்பவர்கள் மருத்துவம் படிக்காதவர்கள், சில வாரப் பயிற்சியோடு மென்பொருளைப் பார்த்துக் கேட்பவர்கள், தேவைப்பட்டால்தான் நர்ஸிடம் போகும். புரோட்டோகால் நன்றாக இருந்தால் நர்ஸ் வேண்டாம் என்று நிர்வாகம் நினைக்கும், சம்பளக் கணக்கு அப்படித்தான் போகும். ஆனால் யோசிக்கத் தெரியாத இடத்தில் மென்பொருள் பயந்துபோய் மேலே மேலே அனுப்பும். அங்கேயும் அப்புறம், மருத்துவம் தெரிந்தவர்கள் கையாளும் கால்களின் அளவைக் கூட்ட வேண்டும் என்று தனியாக முயற்சி எடுக்க வேண்டியதாயிற்று.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது, அதை மறைத்தால் நேர்மையில்லை. ஸ்வீடனில் 1177 என்ற எண்ணில் நர்ஸ்கள்தான் பேசுகிறார்கள். 2003 முதல் 2010 வரை அந்தத் தொலைபேசி சேவையின் மேல் வந்த 33 தவறான சிகிச்சைப் புகார்களை ஆராய்ந்து பார்த்தார்கள். புகார்களுக்கு மிக அடிக்கடி இருந்த காரணம், கூப்பிட்டவர் சொன்னதைக் காதில் வாங்காதது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுதந்திரமா புரோட்டோகாலா என்று நாம் சண்டை போடுகிறோம். காதில் வாங்காமல் விடுகிற ஆள்தான் புரோட்டோகாலையும் விட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. காது கொடுத்துக் கேட்கிறவருக்குப் புரோட்டோகால் தொந்தரவாக இருப்பதில்லை, ஏனென்றால் அதில் உள்ள பாதிக் கேள்விக்கு நோயாளியே முதல் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பார்.

ஆகவே முதல் ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். 'என்ன ஆச்சு, முதலிலிருந்து சொல்லுங்க' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கை மவுஸ் பக்கம் போகக் கூடாது. அவர்கள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடம், தயங்குகிற இடம், பின்னால் யாரோ 'அதையும் சொல்லு' என்று கத்துகிற சத்தம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அதற்குப் பிறகு பக்கத்தைத் திறக்கலாம்.

கேள்வியைத் திரையில் இருக்கிற மாதிரியே வாசிக்க வேண்டுமா என்பதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது: கேள்வியின் உள்ளடக்கத்தைத் தொடாதீர்கள், வார்த்தையை மாற்றுங்கள். 'மூச்சுத் திணறல் உள்ளதா' என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள், பழகிப்போயிருக்கும். 'போனை அவங்க கையிலேயே குடுங்க, பேரும் வயசும் என்கிட்ட சொல்லட்டும்' என்று கேளுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடிகிறதா என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். குழந்தை என்றால் சட்டையைத் தூக்கச் சொல்லி, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் பள்ளம் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லுங்கள், உங்கள் காதுக்கு வேலை கிடைக்கும். அப்புறம் ஒரு பழக்கத்தை ஒழித்தே ஆக வேண்டும். 'நெஞ்சு வலி ஒண்ணும் இல்லையே?' என்று இழுத்துக் கேட்கிறோம் பாருங்கள், அது கேள்வியே இல்லை, 'இல்லை' என்ற பதிலை நாமே அவர் வாயில் ஊட்டிவிடுகிறோம். ஆடிட்டுக்கு அது கேள்வி கேட்டதாகவே கணக்காகும், டிக் விழுந்துவிடும். ஆனால் அங்கே எதுவும் கேட்கப்படவில்லை.

சரி, இதையெல்லாம் செய்த பிறகும் புரோட்டோகால் சொல்வது உங்களுக்கு ஒப்பவில்லை என்றால்? மேலே போவதும் கீழே இறங்குவதும் ஒன்றில்லை. நாளை டாக்டரைப் பார்க்கச் சொல்லும் இடத்தில் நீங்கள் ஆம்புலன்ஸ் என்றால், தப்பாகப் போனாலும் ஒருவருக்கு ஒரு அலைச்சல், ஒரு செலவு. உடனே போகச் சொல்லும் இடத்தில் நீங்கள் நாளை என்றால், தப்பாகப் போனால் திருத்த முடியாது. ஆகவே மேலே போக யார் அனுமதியும் தேவையில்லை, காரணத்தை மட்டும் எழுதுங்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல், பிரசவம் ஆன சில நாட்களில் கடுமையான தலைவலி, வீட்டில் தனியாக இருக்கிற முதியவர், கேட்கிற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வேறு பதில் சொல்கிறவர், இப்படிப்பட்ட இடங்களில் திரை அமைதியாக இருந்தாலும் நீங்கள் மேலே போங்கள். கீழே இறங்க வேண்டுமென்றால் தனியாக இறங்காதீர்கள். மருத்துவ அதிகாரியோ சீனியர் நர்ஸோ, இன்னொருவர் அந்தக் காலைக் கேட்க வேண்டும், அவர் பெயரும் பதிவில் வர வேண்டும். அப்படிக் கூப்பிட ஆளே இல்லாத ஷிப்ட் என்றால் இறங்காதீர்கள், அவ்வளவுதான். வட அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஷ்மிட்-தாம்சன் புரோட்டோகால்களை வைத்து வேலை செய்யும் மையங்கள் பலவற்றில் நடைமுறை இப்படித்தான் இருக்கிறது, யாரும் அங்கே நர்ஸ்களுக்கு மூளை இல்லை என்று நினைத்து அதை வைக்கவில்லை.

இன்னொரு பக்கம், புரோட்டோகாலை அப்படியே பின்பற்றிவிட்டால் நமக்குப் பாதுகாப்பு என்று சில தோழிகள் நினைக்கிறார்கள். அதுவும் இல்லை. நீங்கள் பதிவுபெற்ற செவிலியர், உங்கள் முடிவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. 'திரை சொன்னது, நான் சொன்னேன்' என்பதை விசாரணையில் ஒரு அளவுக்குத்தான் கேட்பார்கள், அந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒரு நர்ஸ் என்ன செய்திருப்பார் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். காரணம் எழுதாமல் மீறியவரின் நிலைமை அதைவிட மோசம். குரல் பதிவு இருக்கிறதே என்று சமாதானப்பட வேண்டாம், உங்கள் மனதில் ஓடியது பதிவில் இருக்காது.

முதல் காலுக்கு நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள்? 'ஆம்புலன்ஸ் அனுப்பப்பட்டது' என்று மட்டும்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இப்படி இருந்திருக்க வேண்டும்: '62 வயது, சர்க்கரை நோய். காலையிலிருந்து தோள் வலி, வியர்வை, அசதி. அடிபடவில்லை, தோளை அசைத்தால் வலி கூடவில்லை. தோள்பட்டை புரோட்டோகால் 24 மணி நேரம் என்றது. நெஞ்சு வலி இல்லாத மாரடைப்பாக இருக்கலாம் என்பதால் ஆம்புலன்ஸ். மகளிடம் சொல்லப்பட்டது: நடக்கவிட வேண்டாம், தனியாக விட வேண்டாம், மயங்கினால் உடனே கூப்பிடவும். திருப்பிச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னார்.' எழுத ஒரு நிமிடம் ஆகும். அந்தக் கடைசி வரியை மட்டும் எந்தக் காலிலும் விடாதீர்கள். நாம் சொன்னது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

உங்கள் மையத்தின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. மேலே போன காலையும் கீழே இறங்கிய காலையும் ஒரே சிவப்புக் குறியில் போட்டிருப்பது, ஆடிட் எதைப் பார்க்கிறது என்றே தெரியாமல் செய்கிற ஆடிட். கால் சென்டர் பழக்கத்தில் வருகிறவர்கள் வார்த்தையை ஒப்பிடுவார்கள், வணக்கம் சொன்னீர்களா, பெயர் கேட்டீர்களா, கேள்வி வரிசை மாறியதா என்று பார்ப்பார்கள். அதைப் பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் மீறலைச் சரியா தப்பா என்று சொல்ல மருத்துவம் தெரிந்தவர்தான் வேண்டும். இதை மீட்டிங்கில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதோடு, மாதா மாதம் எல்லா நர்ஸ்களின் மீறல்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே புரோட்டோகாலை எட்டுப் பேர் மேலே மீறியிருக்கிறார்கள் என்றால் கோளாறு அந்தப் புரோட்டோகாலில் இருக்கிறது, அதை எழுதியவர்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே நர்ஸ் எட்டுக் காலைக் கீழே இறக்கியிருந்தால் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். மீறலே இல்லாத மையம் நல்ல மையம் என்று நினைக்கிற மேலாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு மையத்தைப் பார்த்தால், யாரும் காரணத்தை வெளியே எழுதுவதில்லை என்றுதான் தோன்றும்.

நேரக் கணக்கைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் இருக்கும் என்று தெரியும். ஒரு காலுக்கு இத்தனை நிமிடம் என்று தலைக்கு மேலே போர்டில் எண் ஓடிக்கொண்டிருக்கும். என் அனுபவத்தில் நர்ஸ்களின் சுதந்திரத்தை உண்மையில் தின்பது புரோட்டோகால் இல்லை, அந்தப் போர்டுதான். முதல் ஒரு நிமிடம் கேட்க விடாதது அது, 'ஒண்ணும் இல்லையே' என்று இழுத்துக் கேட்கவைப்பது அது, குறிப்பை மூன்று வார்த்தையில் முடிக்கவைப்பதும் அதுதான். சண்டை போட வேண்டுமானால் அங்கே போடுங்கள்.

வார்டுக்குத் திரும்புவதைப் பற்றி: முதுகு வலிக்குப் பயந்து வந்தவர் கோபத்தில் திரும்பாதீர்கள், முதுகு அப்படியேதான் இருக்கும். ஆனால் மாதத்தில் சில ஷிப்ட் எமர்ஜென்சியிலோ புறநோயாளிப் பிரிவிலோ உட்கார உங்கள் நிர்வாகம் விடுமா என்று கேட்டுப் பாருங்கள், தூக்கிப் பிடிக்கிற வேலை இல்லாத இடமாக. போனில் மட்டும் வருடக்கணக்கில் இருந்தால் நோய் எப்படி இருக்கும் என்பதே மங்கிப்போகும். முடியாதென்றால், நீங்கள் ஆம்புலன்ஸ் அனுப்பியவர்களில் சிலருக்காவது என்ன ஆயிற்று என்று தெரிவிக்க ஒரு ஏற்பாடு கேளுங்கள்.

அடுத்த வார மீட்டிங்கில் இரண்டு காலையும் சேர்த்து வாதாடாதீர்கள். இரண்டாவதில் அவர்கள் சொல்வதை ஒத்துக்கொண்டு, அடிக்கடி கூப்பிடுகிறவர்களுக்கான திட்டம் எங்கே என்று கேளுங்கள். முதல் காலின் குரல் பதிவை மருத்துவ அதிகாரி முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போட்ட பிறகு நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், 'இந்தக் காலில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் டாக்டர்?' என்று மட்டும் கேளுங்கள், அவர் சொல்வதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.